கோடாவைக் கட்டின கயிறு

என் வீட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு கண். அதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பக்கம் நாங்கள் வேலை பார்த்த மரப்பெட்டி ஷெட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பார்கள். கப்பல் என்றைக்குக் கிளம்புகிறது, டீ எப்போது வரும், யார் யாருடைய குடையை எடுத்துக்கொண்டு போனது, எல்லாம் தெரியும். இந்த ஒரு கண் விஷயம் மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. முதலில் மறக்கிற ஆள் அவரேதான்.

இடது கண் போனது ரங்கத் என்கிற ஊரில். கல்யாணமாகி நான் இந்தத் தீவுக்கு வந்த புதிது. ஒரு மரக் காண்டிராக்டரிடம் அவர் அறுப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். படாக் மரம் அறுக்கும்போது ஒரு சிம்பு தெறித்துக் கண்ணில் பாய்ந்தது. அதைக் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடி அறுக்கப் போன மகராசன் அவர். என்னிடம் சொன்னது மறுநாள், அதுவும் கண் வீங்கி மூடிக்கொண்ட பிறகு. படகு பிடித்துப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துபோயிருந்தது.

அங்கே இருந்த டாக்டர் பெங்காலி. இந்த மனுஷனிடம் சொன்னால் பிரயோஜனமில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாரோ என்னவோ, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். ஒன்று போய்விட்டது, இருக்கிற ஒன்றை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நீதான் என்று என்னைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது சனி. அவர் கண்ணுக்கு நான் காவல்காரி ஆனேன். கண்ணுக்குச் சொந்தக்காரரோ கையை வீசிக்கொண்டு நடந்தார்.

அதற்கப்புறம் ரங்கத் வேண்டாம், அறுப்பு வேலையே வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்று போர்ட் பிளேருக்கு வந்துவிட்டோம். ஷாதிபூரில் ஒரு தகரக் கூரை வீடு கிடைத்தது. டாலிகஞ்ச் பக்கம் ஒரு முதலாளி பெட்டி ஷெட் வைத்திருந்தார். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போகிற ஆபீசர்களின் சாமான்களுக்குப் பெட்டி, கடல் சிப்பி ஏற்றுமதி செய்கிறவர்களுக்குப் பெட்டி, எல்லாம் அங்கே செய்வார்கள். என் வீட்டுக்காரர் அதில் மேஸ்திரி. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதால் ஸ்டோர் வேலை கிடைத்தது. ஆணி, எண்ணெய், வாஷர், பட்டை, கயிறு எல்லாம் என் பொறுப்பு. ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்தால் அவர் வேலை செய்கிற மேஜை நேராகத் தெரியும். அதற்காகத்தான் அந்த வேலைக்கே நான் ஒத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் பாதியில் ஒருநாள் கல்கத்தாக் கப்பலில் அந்த மிஷின் வந்து இறங்கியது. காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற துப்பாக்கி. கூடவே ஒரு கம்ப்ரஸர், ரப்பர் குழாய், சீப்புச் சீப்பாக ஒட்டின ஆணிகள். ஷெட்டில் அதற்கு ஹவா பந்தூக், அதாவது காற்றுத் துப்பாக்கி, என்று பேர் வைத்தார்கள். மூக்கைப் பலகையில் வைத்து அழுத்தி, விசையை இழுத்தால், டப் என்று ஆணி தலை மட்டத்துக்கு உள்ளே போய்விடும். மூக்கு பலகையில் அழுந்தாமல் வெறுமனே விசையை இழுத்தால் ஆணி வராது, விசையை இழுக்காமல் மூக்கை மட்டும் அழுத்தினாலும் வராது. இரண்டும் சேர்ந்தால்தான் அடிக்கும். அதைச் செய்தவனுக்கு மனுஷனைப் பற்றித் தெரிந்திருக்கிறது, ஒரு புத்தி தூங்கினாலும் இன்னொன்று முழித்திருக்கட்டும் என்று வைத்திருக்கிறான். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை.

மிஷினோடு ஒரு மெக்கானிக் வந்திருந்தார். கப்பல் திரும்புகிற வரைக்கும் இருந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஹிந்தி. ஆணி மாட்டிக்கொண்டால் முதலில் குழாயைக் கழற்று, அப்புறம்தான் திற. மூக்குக்கு நேராகக் கையை வைக்காதே. கண்ணாடி போடாமல் தொடாதே. காலையில் கம்ப்ரஸர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விடு. குழாய் மாட்டுகிற வாய் வழியாக மிஷின் எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். ஆணி அடிக்காத நேரத்தில் விசையில் விரல் இருக்கக் கூடாது. விசைக்கு அவர்கள் பாஷையில் கோடா. கோடா என்றால் குதிரை, துப்பாக்கி விசைக்கும் அதுதான் பேர். கோடா பந்த் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பந்த் என்றால் மூடு, நிறுத்து. வேலை நின்றால் கோடாவும் நிற்கட்டும் என்கிறார்.

இதையெல்லாம் தமிழாட்களுக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு ஹிந்தியிலும் எடுத்துச் சொல்கிற பொறுப்பை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்கிறீர்களா? என் வீட்டுக்காரர்தான். ராமநாதபுரம் ஜில்லாவைத் தாண்டி வந்த நாள் முதல் தனக்கு ஹிந்தி தண்ணிபட்ட பாடு என்று அவருக்கு நினைப்பு. சத்தமாகப் பேசினால் அது ஹிந்தி ஆகிவிடும் என்று நம்புகிற ஜாதி. எனக்கு ஷாதிபூர் குழாயடியில் பெங்காலிப் பெண்களோடும் தெலுங்குப் பெண்களோடும் சண்டை போட்டுச் சண்டை போட்டே ஹிந்தி நன்றாக வந்துவிட்டது. தண்ணீர் வருகிற அரை மணி நேரத்தில் தப்பாகப் பேசினால் குடம் நிரம்பாது. ஆனால் நான் ஏதாவது திருத்திச் சொன்னால், "நீ எனக்கு ஹிந்தி சொல்லித் தர்றியாக்கும்" என்பார். நான் எதற்கு வாயைக் கொடுப்பானேன் என்று விட்டுவிடுவேன். விட்டது பெரிய தப்பில்லை. அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

மிஷினின் தேக சௌக்கியம் என் தலையில் விழுந்தது. எண்ணெய் என்னிடம் இருந்ததால் அப்படி. அந்தமான் மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கதவு ஊறிப்போய்ச் சாத்த முடியாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அந்த ஈரக் காற்றைத்தான் கம்ப்ரஸர் இழுத்து அமுக்கித் தொட்டிக்குள் அடைக்கிறது. காலையில் நான் போய் அடித் திருகைத் திறந்தால் சுக்குக் காப்பி மாதிரி பழுப்பாகத் தண்ணீர் பீய்ச்சும். ஒருநாள் திறக்காவிட்டால் அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் போய் மிஷினுக்குள் துரு ஏறும். ஆணிச் சீப்புகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, கரித்துண்டு முடிச்சு ஒன்று வைத்து, மூடியை இறுக்கி வைப்பேன். துருப் பிடித்த ஆணி மிஷினுக்குள் கோணிக்கொண்டு நிற்கும்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். வீட்டில் கிடந்தேன். மிஷின் எண்ணெய் டின் இருக்கிற இடம் என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லையாம். என்னைக் கேட்டு ஆள் அனுப்பலாம், அனுப்பவில்லை. டீக்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டார், அதுவும் தலைக்கு வைக்கிற மாதிரித் தாராளமாக. நான் திரும்பிப் போனபோது உள்ளே ரப்பர் வளையமெல்லாம் பிசின் பிடித்து, மிஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஆணி அடிக்கவில்லை. கேட்டால், "தலைக்கே நல்லது, மிஷினுக்கு ஆகாதா" என்கிறார். புது வளையம் அடுத்த கப்பலில் வருகிற வரைக்கும் எல்லாரும் சுத்தியலைப் பிடித்தார்கள். அப்போது யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டார்களா? ஸ்டோர்க்காரி எண்ணெயை ஒளித்து வைத்துவிட்டாள் என்று என்னைத்தான் சொன்னார்கள்.

இனி கயிற்றுக்கு வருகிறேன். அவருக்கு மேஜையில் கைக்கு ஆளாக ஒரு ராஞ்சிக்காரர் இருந்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், எங்களைவிட வயதில் மூத்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன். ஏன் எதற்கு என்று கேட்டதே இல்லை. அவர் பாஷை ஹிந்திக்குப் பக்கத்தில் இருப்பதால் ஹிந்தியில் சொன்னால் அட்சரம் பிசகாமல் புரிந்துகொள்வார். வம்பே அங்கேதான்.

ஒருநாள் மேஜையில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முதலாளி கூப்பிட்டார் என்று என் வீட்டுக்காரர் எழுந்து போனார். போகிற போக்கில் மிஷினை ராஞ்சிக்காரர் கையில் கொடுத்து, மெக்கானிக் சொன்ன பாடத்தைத் தன் பாஷையில் கம்பீரமாகச் சொன்னார். "கோடா பாந்த் தோ." நான் ஜன்னலில் இருந்து என் காதால் கேட்டேன். பந்த் என்று சொல்ல வேண்டியதைப் பாந்த் என்றார். தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் கூட. ஹிந்தியில் பாந்த் தோ என்றால் கட்டிப் போடு என்று அர்த்தம்.

ராஞ்சிக்காரர் மிஷினைப் பார்த்தார். கோடாவைப் பார்த்தார். என் ஜன்னலுக்கு வந்து, "தீதி, தோடா ரஸ்ஸி" என்று கொஞ்சம் கயிறு கேட்டார். பெட்டி கட்டத்தான் கேட்கிறார் என்று நான் சணல் கயிறு ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். அவர் போய், விசையைப் பின்னுக்கு இழுத்து, கைப்பிடியோடு சேர்த்து, மாட்டைக் கட்டுகிற மாதிரி நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். குதிரையைக் கட்டச் சொன்னார் மேஸ்திரி, கட்டியாயிற்று.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து கவனிக்காமல் மிஷினைத் தூக்கிப் பலகையில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், டப் என்று ஆணி இறங்கியது. திடுக்கிட்டு எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். டப். விசைதான் ஏற்கெனவே இழுத்தபடி இருக்கிறதே, மூக்கு பட்டாலே அடிக்கும். ஒரு நிமிஷம் யோசித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வெறுமனே தட்டிக்கொண்டே போனால் போதும், டப் டப் டப் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு பெட்டி முடிகிற நேரத்தில் ஒன்றரைப் பெட்டி முடிந்தது. ராஞ்சிக்காரர், "மிஸ்திரி, டீக் ஹை?" என்று கேட்டார், சரியாக இருக்கிறதா என்று. இவர், "பஹுத் டீக்" என்றார், ரொம்பச் சரி என்று.

நான் ஸ்டோரைப் பூட்டிவிட்டு இறங்கிப் போனேன். "என்னங்க இது, பந்த்னு சொல்றதுக்குப் பாந்த்னு சொல்லிப்புட்டீங்க, அவரு கட்டிப்புட்டாரு. மொதல்ல அத அவுத்துருங்க."

எல்லார் முன்னாலேயும் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த முகம் சிவந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "நான் கட்டத்தான் சொன்னேன்" என்றார்.

அவ்வளவுதான். இனி ஆண்டவனே வந்தாலும் அந்தக் கயிற்றை அவிழ்க்க முடியாது. வார்த்தை தவறிவிட்டது என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். சொல்ல மாட்டார். தப்பாகச் சொன்னதைச் சரியாக்குவதற்காக ஒரு வேலை முறையையே உண்டாக்கிவிட்டார். ஒரு வாரத்தில் அது ஷெட்டின் சட்டமாகிவிட்டது. இரண்டாவது மிஷின் வந்தபோது அதை ஓட்டினவர், பெட்டியிலிருந்து எடுத்த உடனே என் ஜன்னலில் வந்து கயிறு கேட்கிறார். தர முடியாது என்றேன். அவர் தன் லுங்கியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்.

என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அடிக்கும்போது மிஷின் மேலே எம்பும். எம்பிக் கீழே விழுந்தால் மூக்கு மறுபடி பலகையில் படும். விரல் விசையை விட்டிருந்தால் ஒன்றுமில்லை. கயிறு கட்டியிருந்தால் இரண்டாவது ஆணி போகும். முதல் ஆணியின் தலையிலேயே போய் முட்டினால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படாக் மரத்தில் கணு வந்த இடமென்றால் கேட்கவே வேண்டாம். மெக்கானிக் கண்ணைத் தொட்டுக் காட்டித்தான் அதைச் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பெங்காலி டாக்டரின் விரல் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் கயிற்றை அறுத்துப் போடுவேன். காலையில் டீ வருவதற்குள் புதுக் கயிறு இருக்கும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், கெட்ட மனுஷன் இல்லை. "என்னம்மா, மேஸ்திரிக்குத் தெரியாதா? கப்பல் போகட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அந்தமானில் ஒரு கப்பல் போனால் அடுத்த கப்பல் இருக்கும். அந்த அப்புறம் வரவே வராது. ஒருநாள் கம்ப்ரஸரில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்தேன், கயிறு கட்டினாலும் மிஷின் எம்பாமல் இருக்கட்டும் என்று. ஆணியெல்லாம் பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் நேராக வந்து, அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். இருக்கிற ஒரு கண்ணால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, கயிறு இருந்து தொலையட்டும், கண்ணாடியாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். கறுப்பு ரப்பர் வைத்து, வட்டக் கண்ணாடி இரண்டைத் திருகிப் பொருத்தினது ஸ்டோரில் இருந்தது. அதற்கு மட்டும் ஆச்சரியமாக ஒத்துக்கொண்டார். ஜன்னலில் இருந்து பார்ப்பேன், அவர் பாட்டுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டிருப்பார். அப்பாடா என்று இருந்தது. அந்தச் சில நாள் நான் சரியாகச் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் அவர் கழற்றி வைத்திருந்ததைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். இடது பக்கம் துடைத்தேன். வலது பக்கம் துணியை வைத்தால் விரல் உள்ளே போய்விட்டது. கண்ணாடி இல்லை. வெறும் வளையம். நல்ல கண் இருக்கிற பக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செத்த கண்ணுக்குப் பத்திரமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். வளையத்துக்குள் விரலை விட்டுக் காட்டினேன்.

"என்னத்துக்கு இந்தக் கூத்து?"

"மழையில ஆவி அடிச்சுப் போயிருது. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. பாக்குற கண்ணு பாக்க வேணாமா?"

"அப்ப அந்தப் பக்கம் எதுக்கு?"

"அந்தப் பக்கம் எப்படியும் தெரியாது. அது இருந்துட்டுப் போகுது. கண்ணாடி போடுன்னு நீதானே உயிரை வாங்கின."

தலையில் அடித்துக்கொண்டேன், வேறு வழியில்லை. அதற்குப் பின்னால் இதுவும் தினப்படி வேலையாகச் சேர்ந்தது. காலையில் தொட்டித் தண்ணீரை விடுவது, எண்ணெய் விடுவது, கண்ணாடியைத் திருகிப் பொருத்துவது. ஆவி பிடிக்காமலிருக்க உள்பக்கம் சோப்பைத் தடவித் துடைத்துக்கூடக் கொடுப்பேன். பத்து மணிக்கு அந்தக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருக்கும். ராத்திரி துவைக்கப் போட்டால் பையிலிருந்து நான்தான் எடுத்து வைப்பேன். இப்படியொரு மனுஷனோடு குடும்பம் நடத்தினவளுக்குப் பொறுமை இல்லை என்று ஷாதிபூரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாள் வந்தது. மறுநாள் கப்பல். மாற்றலாகிப் போகிற ஒரு ஆபீசரின் வீட்டுச் சாமான் பெட்டி, அதுபோகச் சிப்பிப் பெட்டி ஒரு அடுக்கு, எல்லாம் அன்றைக்கே துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். முதலாளி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் அந்த மிஷின் சத்தம் மட்டும் எனக்கு எப்போதும் தனியாகக் கேட்கும். டப், டப், டப். நடுவில் ஒரு தடவை டடப் என்று சேர்ந்து விழுந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலை பின்னால் வெட்டின மாதிரி போய் நின்றது. மிஷின் மேஜையில் கிடந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். ராஞ்சிக்காரர் பக்கத்தில் ஓடி வந்து நிற்கிறார், தொடப் பயந்துகொண்டு. ஸ்டோரிலிருந்து மேஜை கூப்பிடு தூரம்கூட இல்லை. ஸ்டோரைப் பூட்டாமலே இறங்கி ஓடினேன். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடுகிறது.

கையை எடுத்தார். இடது பக்கக் கண்ணாடி நட்சத்திரம் மாதிரி வெடித்து, நடுவில் பள்ளம் விழுந்து நின்றது. ஆணி கோணலாக மேஜையில் கிடந்தது. வலது பக்கம் வெறும் வளையத்துக்குள்ளே அந்தக் கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்குத்தண்டின் அகலம்தான் இரண்டுக்கும் நடுவில்.

சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள். பயம் விட்டுப்போகும்போது வருகிற சிரிப்பு, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். இவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் கோணியது. "பாத்தியா, கண்ணாடி காப்பாத்திருச்சு" என்றார் என்னிடம்.

திட்டத்தான் வந்தேன், திட்டு வரவில்லை. நேராகக் கம்ப்ரஸருக்குப் போய் வால்வை மூடினேன். மூடிவிட்டு அதன் கைப்பிடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டேன். குழாயில் இருந்த மிச்சக் காற்று புஸ் என்று போய் அடங்கியது.

முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா இது, நாளைக்குக் கப்பல்."

"சுத்தியல் இருக்கு முதலாளி. கையால அடிக்கச் சொல்லுங்க. ஹவா பந்த்."

அந்தப் பந்த்தைத் துணைக்கால் இல்லாமல் அழுத்திச் சொன்னேன். ராஞ்சிக்காரருக்கு நன்றாகப் புரிந்தது. அவர்தான் முதலில் போய்ச் சுத்தியலை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். முதலாளி என் மடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலகை பிடித்துக் கொடுக்கப் போனார். பொழுது சாய்கிற வரைக்கும் ஆணி ஆணியாக அடித்துப் பெட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. கப்பலும் போயிற்று. இதற்கா இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்தார்கள்?

வீட்டுக்கு நடந்து போனோம். ஷாதிபூர் ஏற்றத்தில் வழக்கமாக எனக்காக நிற்பார், அன்றைக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். வீட்டுக்குள் போனதும் கால் கழுவிக்கொண்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் அரிசி களைந்து உலையில் போட்டேன். குடிக்கத் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு விறகு எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் வலது உள்ளங்கையால் அந்த நல்ல கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கை சொம்பைத் தேடிக்கொண்டிருந்தது. தரையில் தடவித் தடவிப் போகிறது. சொம்புக்கு இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. விரல் சொம்பில் இடித்தது, சொம்பு சாய்ந்து உருண்டது, தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் நனைத்துக்கொண்டு ஓடியது. அப்போதும் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் என்று ஒன்று இருந்தது, அது எங்கே போனதென்று தெரியவில்லை. விறகைக் கீழே வைத்தேன். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார், ஆனால் நான் இருக்கிற பக்கம் இல்லை, அடுப்புப் பக்கம்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"எங்க நிக்கிற?"

"இங்கதான் நிக்கிறேன். எத்தனை மாசமா இங்கயே நின்னுக்கிட்டுத்தானே கத்துறேன்."

உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னார்.

"காலைல அந்தக் கயித்த அவுத்துரச் சொல்லு. நீயே சொல்லிரு. நான் சொன்னா மறுபடி வேற என்னமும் ஆகிப்போகும்."

சரி என்றேன். கையை அப்போதும் எடுக்கிற மாதிரித் தெரியவில்லை. ஈரத் தரையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானே அதைப் பிடித்துக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன்.